பாக்கி உள்ளது, தந்துவிடுகிறேன்

சென்ற மாதம் ஒரு சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண் வணிகச் சட்டக் குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். பி.காம். இரண்டாம் ஆண்டு, தமிழ் வழி. நான் கணக்கு, வரி வேலை பார்ப்பவன் என்பதால் தெருவில் வணிகவியல் படிக்கும் பிள்ளைகள் தேர்வுக்கு முன்னால் ஒரு முறையாவது இந்தத் திண்ணையில் வந்து உட்காருவார்கள். 'மறுபயனின்றி ஒப்பந்தம் இல்லை' (மறுபயன் என்பது ஒரு வாக்குக்குப் பதிலாகத் தரும் பயன்) என்று தலைப்பிட்டு, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, அதன் கீழே விதிவிலக்குகளை ஒன்று முதல் ஆறு வரை எழுதி வைத்திருந்தாள். ஐந்து மதிப்பெண் கேள்வி. காலங்கடந்த கடனைப் பற்றிய மூன்றாவது விதிவிலக்கின் மேல் விரலை வைத்து, "மாமா, மூன்று வருடம் ஆகிவிட்டால் கடனைத் திருப்பித் தர வேண்டியதே இல்லையா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள், குரலைத் தாழ்த்தி, "அப்படியென்றால் எங்கள் பெரிய மாமாவுக்கு அப்பா தர வேண்டிய பணம் இருக்கிறதல்லவா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை எனக்கு நன்றாகத் தெரியும். புதிதாகக் கற்றுக்கொண்ட ஒன்று சொந்த வீட்டுக்கு உதவப்போகிறது என்னும் வெளிச்சம் அது. 2001ஆம் ஆண்டு எனக்குப் பத்தொன்பது வயது. அதே வெளிச்சத்தோடு நானும் ஒரு சனிக்கிழமை விருதுநகரில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தேன். அன்றைக்கு என் வீட்டில் நடந்ததையும், பல வருடம் கழித்து என் மேசைக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்ட ஒரு கேள்வியையும் நான் இதுவரை ஒன்றுசேர்த்து எழுதியதில்லை. இரண்டும் ஒரே சட்டப் பிரிவைப் பற்றியவை. இரண்டிலும் நான் நேர் எதிரான காரியங்களைச் செய்தேன். அந்தப் பெண்ணுக்கு உடனே பதில் சொல்ல முடியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

எழுபத்தைந்துக்குப் பிறகு நூற்று இருபத்து நான்கு

எங்களுக்கு வணிகச் சட்டம் நடத்தியவர் பாடப்புத்தகத்தோடு நிற்கமாட்டார். முதல் நாள் வகுப்பில் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் மெலிந்த பிரதி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, 75ஆம் பிரிவுக்கு அடுத்தது என்ன என்று கேட்டார். 76 என்றோம். புரட்டிப் பார்க்கச் சொன்னார். 124 என்றிருந்தது. 1872இல் சட்டம் இயற்றியபோது சரக்கு விற்பனையும் கூட்டாண்மையும் இதற்குள்ளேயே இருந்தன. சரக்கு விற்பனை 1930இல் தனிச் சட்டமானது, கூட்டாண்மை 1932இல் தனிச் சட்டமானது, பிள்ளைகள் தனிக்குடித்தனம் போன வீட்டில் அறைகள் காலியாகக் கிடப்பதைப் போல அந்த எண்கள் காலியாகக் கிடக்கின்றன என்றார். சட்டம் என்பதும் ஒரு காலத்தில் யாரோ உட்கார்ந்து எழுதி, வேறு யாரோ பிரித்தெடுத்து, இன்னும் நமக்கு மேல் கூரையாக இருப்பது என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது அப்போதுதான்.

அந்தச் சட்டத்தில் என்னைப் பிடித்து இழுத்தவை அதன் எடுத்துக்காட்டுகள். வரையறைகளை விட அவைதான் மனத்தில் தங்கின. பிரிவுக்குக் கீழே 'அ', 'ஆ' என்று இரண்டு பேர் வருவார்கள். 'ஆ' தொலைத்த பணப்பையை 'அ' கண்டெடுத்துக் கொடுப்பார், ஐம்பது ரூபாய் தருவதாக 'ஆ' சொல்வார், இது ஒப்பந்தம். 'ஆ'வின் சிறு பிள்ளையை 'அ' வளர்ப்பார், அதற்கான செலவைத் தருவதாக 'ஆ' சொல்வார், இதுவும் ஒப்பந்தம். இரண்டு வரிக்குள் ஒரு வாழ்க்கை வந்துபோகிறது. அந்தப் பிள்ளையை ஏன் இன்னொருவர் வளர்க்க நேர்ந்தது என்று சட்டம் சொல்லாது. வளர்த்தவரின் செலவு மட்டும் மறக்கப்படாமல் நிற்கும்.

வழக்குகளும் அப்படித்தான். தேர்வுக்காக அவற்றைப் பெயர், ஆண்டு, தீர்ப்பு என்று மூன்று வரியில் மனப்பாடம் செய்தோம். ஆனால் எங்கள் ஆசிரியர் ஒவ்வொன்றிலும் ஆட்களைக் காட்டுவார். 1913இல் அலகாபாத்தில் தீர்ப்பான லால்மன் சுக்லா வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். லால்மன் ஒரு கணக்குப்பிள்ளை. முதலாளி கௌரி தத்தின் உடன்பிறந்தாரின் மகன் வீட்டை விட்டுப் போய்விடுகிறான். தேடிவர லால்மனை அனுப்புகிறார்கள். அவர் புறப்பட்டுப் போன பிறகு, கண்டுபிடிப்பவருக்கு 501 ரூபாய் என்று முதலாளி அறிவிப்பு வெளியிடுகிறார். அது தெரியாமலேயே லால்மன் பையனைக் கண்டுபிடித்துக் கொண்டுவருகிறார். பிற்பாடு செய்தி தெரிந்து பணம் கேட்டு வழக்குப் போட, தெரியாத முனைவை (ஒப்பந்தத்துக்காக ஒருவர் முன்வைக்கும் பேச்சை) ஒருவர் ஏற்றதாகச் சொல்ல முடியாது என்று நீதிமன்றம் தள்ளிவிடுகிறது. முனைவு, ஏற்பு என்னும் பாடத்துக்கு அது சரியான எடுத்துக்காட்டு. ஆனாலும் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அன்று லால்மன் பக்கம்தான் நின்றோம். அப்பாவின் வத்தல் கடையில் கணக்கு எழுதிய பெரியவரை மனத்தில் வைத்துக்கொண்டு நான் கொஞ்சம் சத்தமாகவே வாதாடினேன்.

நம்முடைய சென்னை உயர் நீதிமன்றத்தின் சின்னையா வழக்கைச் சொன்ன நாளையும் மறக்கவில்லை. 1880களின் தொடக்கம். ஒரு மூதாட்டி தன் நிலத்தை மகளுக்கு எழுதிவைக்கிறார். ஆண்டுதோறும் ஒரு தொகையைத் தம் உடன்பிறந்த உறவுக்குக் கொடுத்துவர வேண்டும் என்பது பேச்சு. மகளும் அப்படியே தருவதாக அதே நாளில் எழுதிக்கொடுக்கிறாள். பிறகு தரவில்லை. 'உங்களிடமிருந்து எனக்கு எதுவும் வரவில்லை, அம்மாவிடமிருந்துதான் நிலம் வந்தது, ஆகவே உங்களுக்கும் எனக்கும் ஒப்பந்தம் இல்லை' என்பது அவள் வாதம். இங்கிலாந்துச் சட்டப்படி பார்த்தால் அந்த வாதம் எடுபட்டிருக்கும். ஆனால் நம் சட்டத்தின் 2ஆம் பிரிவு, வாக்குப் பெற்றவர் 'அல்லது வேறு எவரேனும்' மறுபயன் தந்திருக்கலாம் என்கிறது. அந்த மூன்று சொல் ஒரு குடும்பத்தின் பேச்சைக் காப்பாற்றியது. ஒரு சட்டத்தில் ஒரு சொல் கூடுதலாக இருப்பதும் இல்லாமல் போவதும் எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர் அன்று சொன்னபோது, இரண்டு வாரத்தில் அது என் வீட்டுக் கூடத்துக்கே வரும் என்று நான் நினைக்கவில்லை.

பின்பக்கம் காலியாக இருந்த நோட்டு

காலவரையறைப் பாடம் வந்தது. கேட்டதும் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடம். அதற்குள் வழக்குப் போட வேண்டும், அல்லது கடன் வாங்கியவர் ஒப்புக்கொண்டு எழுதிக்கொடுக்க வேண்டும், அல்லது ஒரு பகுதியைச் செலுத்தி அதைத் தம் கைப்பட நோட்டின் பின்னால் வரவு வைக்க வேண்டும். இவற்றில் எதுவும் நடக்காவிட்டால் 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி, எதிர்த்தரப்பு வாயே திறக்காவிட்டாலும் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியாக வேண்டும். கடைத்தெருவில் வளர்ந்த எனக்கு, மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஏன் எல்லாரும் 'நோட்டு மாற்ற வேண்டும்' என்று பரபரக்கிறார்கள் என்பது அன்றுதான் விளங்கியது. இத்தனை நாளும் அது ஏதோ கல்யாண நாள் போல ஒரு சம்பிரதாயம் என்று நினைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது பெரியம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சொந்தப் பெரியம்மா இல்லை. அப்பா 'அண்ணாச்சி' என்று கூப்பிட்ட பக்கத்துக் கடைக்காரரின் மனைவி; ஆகவே எங்களுக்குப் பெரியம்மா. பெரியப்பா 1999இல் மாரடைப்பில் இறந்துபோனார். அதற்குப் பிறகு பெரியம்மா மகனோடு வெளியூர் போய்விட்டார். வீட்டைக் காலி செய்யும்போது இரும்புப் பெட்டியில் ஒரு புரோநோட்டு கிடைத்ததாம். அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ரூபாய் 75,000. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. தேதி 1997 ஜனவரி. தை மாதம், வத்தல் வரத்துத் தொடங்கும் நேரம், சரக்குப் பிடிக்க அப்பா வாங்கியது. அவர் கேட்கவே கூச்சப்பட்டார். பேத்திக்குக் காது குத்து வைத்திருப்பதைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு, எழுந்திருக்கும்போதுதான் காகிதத்தை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். "நீங்கள் பார்த்துச் செய்யுங்கள் தம்பி, எனக்கு இதெல்லாம் தெரியாது" என்றார்.

அவர் போனதும் காகிதத்தை நான் வாங்கிப் பார்த்தேன். முதலில் தேதியைப் பார்த்தேன். பிறகு பின்பக்கத்தின் ஜெராக்ஸைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. பெரியப்பா இருந்தவரை அப்பா மாதம் 750 ரூபாய் தவறாமல் கொடுத்திருக்கிறார். அதற்கு நானே சாட்சி, பல மாதம் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். பெரியப்பா அதைத் தம் சிட்டையில் குறித்துக்கொள்வார். ஆனால் சட்டத்துக்கு வேண்டியது பெரியப்பாவின் எழுத்தல்ல, கொடுத்த அப்பாவின் எழுத்து. இரண்டு நண்பர்களுக்கு நடுவில் நோட்டை எடுத்துவா, பின்னால் எழுதித் தருகிறேன் என்ற பேச்சு வந்ததே இல்லை. நம்பிக்கை இருந்த இடத்தில் எழுத்து இல்லை. எழுத்து இல்லாத இடத்தில், 2000 ஜனவரியோடு அந்த நோட்டு செத்துவிட்டது.

"அப்பா, இது காலாவதியான நோட்டு. கோர்ட்டில் நிற்காது. நாம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை" என்றேன். அந்த வருடம் எங்கள் கடை எந்த நிலையில் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு பருவம் தொடர்ந்து விலை விழுந்து, கோணிச் சாக்கு வாங்கக்கூட யோசித்துக்கொண்டிருந்தோம். பெரியப்பா இறந்த பின் வட்டியும் நின்றுபோயிருந்தது. ஆகவே நான் சொன்னதில் பேராசை இருந்ததாக இன்றும் நான் நினைக்கவில்லை. பாரத்தைக் கொஞ்சம் இறக்கிவைக்க வழி கிடைத்தது என்றுதான் நினைத்தேன்.

அப்பா கோபப்படவில்லை. பேரேட்டை எடுத்து வரச் சொன்னார். புதுக்கணக்கு நாளில் மஞ்சள் தடவி, 'உ' எழுதித் தொடங்கும் அந்த நீளமான பேரேட்டில், கொடுக்க வேண்டியவர்கள் பக்கத்தைப் புரட்டினார். முதல் பெயர் பெரியப்பாவுடையது. 1997 பேரேட்டில் இருந்தது, 1998இல் இருந்தது, அவர் இறந்த பிறகு எழுதிய 2000இலும் 2001இலும் இருந்தது. ஒவ்வொரு வருடமும் பழைய பேரேட்டிலிருந்து பெயரையும் தொகையையும் தம் கையால் பெயர்த்து எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். நிறுவனங்களின் ஐந்தொகையில் (சொத்தையும் கடனையும் காட்டும் கணக்கில்) கடன் என்று காட்டியிருந்தாலே அது கடனை ஒப்புக்கொண்டதாகலாம் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொன்னபோது, எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அப்பாவின் அந்தப் பேரேடுதான். அதில் கையெழுத்து இல்லை என்பதால் சட்டத்துக்கு அது போதாது. ஆனால் அதை எழுதியவருக்கு வருடா வருடம் போதுமானதாக இருந்தது.

ஒரு வினைச்சொல்

அடுத்த வாரம் வகுப்பில் 25ஆம் பிரிவு. மறுபயன் இல்லாத உடன்பாடு செல்லாது. ஆனால் சில விதிவிலக்குகள் உண்டு. மூன்றாவது, காலங்கடந்த கடனைத் தருவதாகக் கடன் வாங்கியவர் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், புதிதாக எதையும் பெற்றுக்கொள்ளாவிட்டாலும் அது முழு ஒப்பந்தம். சட்டத்தின் எடுத்துக்காட்டில் 'அ' ஆயிரம் ரூபாய் தர வேண்டும், கடன் காலங்கடந்துவிட்டது, ஐந்நூறு தருவதாக எழுதிக் கையெழுத்திடுகிறார், இது ஒப்பந்தம். காலம் கடந்தால் சாவது வழக்குதான், கடன் சாவதில்லை என்றார் ஆசிரியர். 60ஆம் பிரிவையும் காட்டினார்: பல கடன் உள்ளவர் எதற்கென்று சொல்லாமல் பணம் கொடுத்தால், கடன் கொடுத்தவர் அதைக் காலங்கடந்த கடனுக்கும் வரவு வைத்துக்கொள்ளலாம். செத்த கடனாக இருந்தால் எப்படி வரவு வைக்க முடியும்?

அப்போதுதான் அவர் இன்னொன்றைச் சொன்னார். மூன்று வருடத்துக்குள் என்றால், 'உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி உள்ளது' என்று ஒப்புக்கொண்டு எழுதினாலே போதும், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம். காலம் கடந்த பிறகு அந்த ஒப்புதலுக்கு உயிர் கிடையாது. 'தருகிறேன்' என்ற வாக்குறுதி வேண்டும். முன்னதில் உண்மையைச் சொல்கிறார், பின்னதில் தன்னைக் கட்டிக்கொள்கிறார். கரும்பலகையில் ஒரு பக்கம் 'உள்ளது' என்றும் மறுபக்கம் 'தருகிறேன்' என்றும் எழுதி நடுவில் கோடு போட்டார். தேர்வுக்கு வராத விஷயம் என்பதால் பலர் எழுதிக்கொள்ளவில்லை. நான் எழுதிக்கொண்டேன்.

வாரக் கடைசியில் வீட்டுக்குப் போனேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா ஒரு கடிதத்தை நீட்டி, உறையில் போட்டு முகவரி எழுதி, திங்கட்கிழமை கல்லூரிக்குப் போகும்போது தபாலில் சேர்த்துவிடச் சொன்னார். கடைப் பெயர் அச்சிட்ட தாள். 'மதினி அவர்களுக்கு வணக்கம். நலம், நலமறிய ஆவல். அண்ணாச்சியிடம் 1997 தை மாதம் நான் வாங்கியதில் அசல் ரூபாய் 75,000 பாக்கி உள்ளது. வியாபாரம் சரியில்லாததால் தாமதமாகிவிட்டது. மன்னிக்கவும்.' கீழே கையெழுத்து.

கூடத்து விளக்கின் கீழே அதை மூன்று முறை படித்தேன். பாக்கி உள்ளது. அவ்வளவுதான் இருந்தது. அப்பா மனத்தளவில் முழுக்கடனையும் ஏற்றுக்கொண்டுதான் அந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறார். சட்டத்தளவில் அந்தக் கடிதம் அவரைத் துளியும் கட்டவில்லை. அப்படியே தபாலில் போட்டால் அவருக்கு எழுதிவிட்ட நிம்மதி இருக்கும், பெரியம்மாவுக்குக் காகிதம் கிடைத்த நிம்மதி இருக்கும், நாளை கடையில் ஏதாவது ஆகிவிட்டால் யாரும் எங்களை ஒன்றும் கேட்க முடியாது. இது அந்த ஊரில் அன்றிரவு என் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும். பேசாமல் இருந்தால் நான் பொய் சொன்னதாகாது. யாரையும் ஏமாற்றியதாகவும் யாரும் சொல்ல மாட்டார்கள். முகவரியை எழுதினேன். உறைக்குப் பசை தடவவில்லை. அம்மா பாத்திரம் கழுவி முடித்து விளக்கை அணைக்கச் சொன்னார், அணைக்கவில்லை. பெரியப்பாவிடம் 750 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் அவர் எண்ணிப் பார்க்காமல் கல்லாவில் போட்டுவிட்டு, எனக்கு ஒரு கடலைமிட்டாய் எடுத்துத் தருவார். அதைப் பற்றியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா திண்ணையில் படுத்திருந்தார். எழுப்பவில்லை, விழித்துத்தான் இருந்தார். "அப்பா, இந்தக் கடிதத்தில் ஒரு சொல் குறைகிறது" என்றேன். எழுந்து உட்கார்ந்தார். 'உள்ளது' என்றால் என்ன ஆகும், 'தருகிறேன்' என்றால் என்ன ஆகும் என்று ஆசிரியர் சொன்னபடியே சொன்னேன். இரண்டாவதாக எழுதினால் அவர்கள் நாளை நம்மேல் வழக்குப் போட முடியும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை நாளில் என்று போட வேண்டுமா?" சட்டத்துக்குத் தேவையில்லை என்றேன். கடிதத்தை வாங்கி, 'பாக்கி உள்ளது' என்பதற்குப் பக்கத்தில் ஒரு கமா போட்டு, 'வருடம் பதினைந்தாயிரம் வீதம் ஐந்து வருடத்தில் தந்துவிடுகிறேன்' என்று சேர்த்தார். வரி கொஞ்சம் மேல்நோக்கிக் கோணிப் போயிற்று. பிறகு பழக்கத்தில் கல்லாப்பெட்டியிலிருந்து ரெவினியூ ஸ்டாம்பு ஒன்றை எடுத்து, நாக்கில் தொட்டு ஒட்டி, அதன்மேல் இன்னொரு முறை கையெழுத்துப் போட்டார்.

ஐந்து வருடம் ஆறாகிவிட்டது. 2007இல் கடைசித் தவணையைக் கொடுத்தபோது பெரியம்மா வட்டிக்கணக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டு, அசல் நோட்டை ஸ்டாம்பு ஒட்டிய மூலையைக் கிழித்துக் கையில் கொடுத்தார். கடிதத்தைத் திருப்பித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கையெழுத்துப் போடாதீர்கள்

இதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது. பிறகு பல வருடம் கழித்து என் அலுவலகத்துக்கு ஓர் ஆட்டோ ஓட்டுநர் வந்தார். மகளின் சிகிச்சைக்காக 30,000 ரூபாய் வாங்கியிருந்தார். ஐந்து வட்டி. மாதம் 1,500 ரூபாயாக இரண்டு வருடத்துக்கும் மேல் கட்டியிருந்தார். அசலைவிட அதிகம் கொடுத்தாகிவிட்டது, அசல் மட்டும் அப்படியே நின்றது. பிறகு கட்ட முடியாமல் நின்றுபோயிருந்தார். நோட்டுக்கு நான்கு வருடம் ஆகியிருந்தது. கடன் கொடுத்தவரின் ஆள் ஒரு டைப் அடித்த காகிதத்தைக் கொடுத்து, 'சும்மா ஒரு கணக்குக்காக' கையெழுத்துப் போட்டுவரச் சொல்லியிருக்கிறார். படித்துப் பார்த்தேன். நடு வரியில் இருந்தது: 'மேற்படி தொகையையும் நாளதுவரைக்கான வட்டியையும் தந்துவிடுகிறேன்.' யாரோ விவரம் தெரிந்தவர் எழுதிய வரி. அப்பா திண்ணையில் உட்கார்ந்து சேர்த்த அதே வினைச்சொல்.

கையெழுத்துப் போடாதீர்கள் என்றேன். அதிக வட்டிக்கு எதிராக 2003இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டம் இருக்கிறது, மிரட்டினால் புகார் கொடுக்கலாம் என்றும் சொன்னேன். அவர் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போகாமல் நின்றார். "சார், வாங்கினது உண்மைதானே. கையெழுத்துப் போடாவிட்டால் நான் ஏமாற்றுக்காரன் ஆகிவிட மாட்டேனா?" என்று கேட்டார். அவரை மறுபடி உட்காரவைத்து, கொடுத்த தேதிகளையெல்லாம் நினைவுபடுத்தச் சொல்லி, ஒரு தாளில் கூட்டிக் காட்டினேன். கூட்டுத்தொகையைப் பார்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கோ, என் அப்பாவிடம் சொல்லைச் சேர்க்கச் சொன்ன நானே இவரைச் சேர்க்க வேண்டாம் என்கிறேனே என்ற உறுத்தல் அன்று முழுவதும் இருந்தது.

இரண்டும் சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஏன் என்று கேட்டால், இது இன்ன பிரிவின்படி என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. 25ஆம் பிரிவுக்குப் பெரியம்மாவையும் தெரியாது, வட்டிக்காரரையும் தெரியாது. எழுத்தையும் கையெழுத்தையும்தான் தெரியும். மனம் திருந்தி எழுதித் தருபவரின் வாக்கையும், விவரம் தெரியாமல் எழுதித் தருபவரின் வாக்கையும் அது ஒரே தராசில்தான் நிறுக்கும். வற்புறுத்தல், தகாச் செல்வாக்கு என்று வேறு பிரிவுகள் காப்பாற்ற வரலாம். ஆனால் அவற்றை நிரூபிக்க ஓர் ஆட்டோ ஓட்டுநர் எத்தனை நாள் கோர்ட் வாசலில் சவாரியை விட்டுவிட்டு நிற்க முடியும்? காலவரையறை என்பது கடனை மறக்கச் சொல்கிற சட்டம் என்று நினைத்திருந்த பத்தொன்பது வயதுப் பையனுக்கு, அது சில வீடுகளில் கதவுக்குத் தாழ்ப்பாளாகவும் இருக்கிறது என்பது அன்று புரிந்தது.

வணிகச் சட்டத்தை இப்போதும் விதிவிலக்குகள் ஆறு என்று எண் போட்டு நடத்துகிறோம் என்பதில்தான் எனக்கு வருத்தம். ஆறையும் வரிசை மாறாமல் எழுதும் பிள்ளையிடம் ஒரு புரோநோட்டைக் கொடுத்து இதில் முதலில் எதைப் பார்ப்பாய் என்று கேட்டால் விழிக்கிறது. அடிப்படைப் பாடம் என்று பெயர் வைத்துவிட்டு, வகுப்பில் ஒரு நோட்டைக்கூடக் கையில் கொடுத்துப் புரட்டச் சொல்வதில்லை. வட்டிக்காரரின் ஆளுக்கு அந்த வினைச்சொல் தெரிந்திருக்கிறது. பட்டம் வாங்கப்போகும் பெண்ணுக்கு அது மூன்றாவது வரி.

ஆகவே அவளிடம் இரண்டு கதைகளையும் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தாள். குறிப்பேட்டின் கடைசித் தாளில் இரண்டு வாக்கியங்களை எழுதிக் கொடுத்தேன்: 'பாக்கி உள்ளது.' 'பாக்கி உள்ளது, தந்துவிடுகிறேன்.' இரண்டையும் வாய்விட்டுப் படித்தாள். பிறகு, "இதில் எதை மாமா நான் வீட்டில் போய்ச் சொல்ல?" என்று கேட்டாள்.

"முதலில் பெரிய மாமாவிடம் நோட்டு இருக்கிறதா என்று கேள். இருந்தால் தேதியைப் பார். பின்பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு வா" என்றேன்.